எல்லைக்கல் 17: பிப்ரவரி 15 என்றொரு நாள்

போன வாரம் விட்ட இடம் ஞாபகம் இருக்கும்: திருச்சி ஜில்லா மூன்றானது, கொள்ளிடத்து வடகரை, மீன்சுருட்டி. புதிதாகச் சேர்ந்தவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ஊராட்சி, ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்ற மூன்றடுக்கைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். உட்கார்ந்ததும் அதற்குத்தான். நடுவில் ஒரு தேதி குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதைத் தாண்டிப் போக மனசு வரவில்லை.

தேதிக்கு வருவதற்கு முன் மீன்சுருட்டியில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விக்கிரவாண்டி–தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் போகிற எவரும் கடக்கிற ஊர். அந்த வீட்டுக்காரருக்குக் கலெக்டர் அரியலூரில். தாலுகாவின் பெயர் உடையார்பாளையம். தாலுகா ஆபீஸ் இருப்பதோ ஜெயங்கொண்டத்தில். எம்.எல்.ஏ. ஜெயங்கொண்டம் தொகுதி. எம்.பி. சிதம்பரம் தொகுதி. அவர் வீட்டுக்கு வரும் கடிதத்தில் பின்கோடு 612 என்று தொடங்கும். அது கும்பகோணத்து வரிசை. ஜெயங்கொண்டத்துக்கு 621802 என்று திருச்சிப் பக்கத்து எண். ஆக வருவாய்த்துறைக்கு அவர் ஓர் ஊர்க்காரர், தபால்காரருக்கு வேறோர் ஊர்க்காரர், டெல்லிக்கு மூன்றாவது ஊர்க்காரர். மனு எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, எந்த மனுவுக்கு எந்தத் திசையில் பஸ் ஏறுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கோடுகள் ஏன் ஒன்றன்மேல் ஒன்று உட்காரவில்லை என்பதுதான் இத்தொடரின் நச்சரிப்பு. பதில் பெரிய ரகசியமில்லை. மாவட்டக் கோட்டை மாநில அரசு ஓர் அரசாணையில் மாற்றிவிடும். தொகுதிக் கோட்டை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் போட்டு, ஆணையம் அமைத்து, மக்கள்தொகைக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வரைய வேண்டும். ஒன்று ஆட்சிக்கு ஆட்சி மாறும்; மற்றது தலைமுறைக்கு ஒருமுறை. இரண்டும் சந்தித்துக்கொள்வது எப்போதாவதுதான். அப்படிச் சந்தித்த தருணத்தில் அரியலூர் மாவட்டம் ஊரில் இல்லை. இதுதான் இந்த வாரக் கதை.

பெரம்பலூர் மாவட்டம் திருச்சியிலிருந்து பிரிந்தது 1995 நவம்பர் 1. அதிலிருந்து அரியலூர் பிரிந்தது 2001 ஜனவரி 1. அப்போது முதல்வர் கருணாநிதி. அந்த ஆண்டே ஆட்சி மாறியது. 2002 மார்ச் 31-ல் ஜெயலலிதா அரசு அரியலூரைப் பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்துவிட்டது. பதினைந்து மாத ஆயுசு. மீண்டும் கருணாநிதி வந்தபின், 2007 நவம்பர் 23-ல் அரியலூர் இரண்டாம் முறை பிறந்தது. இடைப்பட்ட காலத்தில் மீன்சுருட்டிக்காரர் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெயங்கொண்டம் தாண்டி, அரியலூர் தாண்டி, பெரம்பலூர் போக வேண்டும். அரியலூரில் ஒருகாலத்தில் கலெக்டர் இருந்த கட்டடத்தைப் பஸ்ஸிலிருந்து பார்த்துக்கொண்டே போயிருப்பார்கள்.

(நவம்பர் 23 என்ற தேதியை அரியலூருக்கு ஏற்கெனவே தெரியும். 1956-ல் அதே நாள் விடியற்காலையில்தான் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் மருதையாற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். துணை அமைச்சராக இருந்தவர் நம் ஊர் ஓ.வி. அழகேசன், அடுத்த பொதுத்தேர்தலில் தி.மு.க. மேடைகளில் அரியலூரையும் அழகேசனையும் சேர்த்துக் கேட்ட கேள்விகள் பெரியவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். 2007-ல் தேதி குறித்தவர்கள் இதையெல்லாம் யோசித்தார்களா? அரசாணைகளுக்கு அந்த மாதிரி ஞாபகசக்தி கிடையாது என்றே நினைக்கிறேன்.)

முதல் முறை பிறந்தபோது இன்னொரு வேடிக்கை. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அந்த பிப்ரவரியில் நடந்தது. கணக்கெடுப்பாளர் மீன்சுருட்டிக் கதவைத் தட்டியபோது அரியலூர் மாவட்டத்துக்கு வயது நாற்பது நாள். பெயர் வைத்த ஈரம் காயவில்லை. ஆனாலும் கணக்கில் தனி மாவட்டமாக ஏறிவிட்டது: அரியலூர் 6,95,524 பேர், பெரம்பலூர் 4,93,646 பேர். அடுத்த ஆண்டு மாவட்டம் போய்விட்டது, எண் மட்டும் அச்சில் நின்றது. மாவட்டம் இல்லாத ஊருக்கு மாவட்ட மக்கள்தொகை இருந்த ஐந்தரை ஆண்டுகள் அவை.

இப்போது அந்தத் தேதி. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் 2002-ல் தொகுதி மறுவரையறை ஆணையம் அமைந்தது. 2001 கணக்கை வைத்துத் தொகுதிகளை வரைய வேண்டும். வரைந்துகொண்டிருக்கும்போதே மாநிலங்கள் மாவட்டத்தையும் தாலுகாவையும் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. ஆகவே ஆணையம் ஒரு நாளை முடிவு செய்தது: 2004 பிப்ரவரி 15. அன்று நிர்வாக எல்லைகள் எப்படியோ அப்படியே எடுத்துக்கொள்வது. மாவட்டவாரியாக இடங்களைப் பங்கிட்டு, மாவட்டத்துக்குள்ளேயே தொகுதிகளை வரைவது.

2004 பிப்ரவரி 15 அன்று அரியலூர் மாவட்டம் கிடையாது. செத்து ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மறுபடி பிறக்க மூன்றே முக்கால் வருஷம் பாக்கி.

இதைப் படித்ததும் பென்சிலை எடுத்துவிட்டேன். கணக்கு என்னுடையது, ஆணையத்தினுடையதல்ல. பொறுத்துக்கொண்டு கூட வாருங்கள். 2001-ல் தமிழ்நாட்டு மக்கள்தொகை 6,24,05,679. சட்டமன்ற இடங்கள் 234. வகுத்தால் தொகுதிக்கு 2,66,691 பேர். ஒன்றுபட்ட பெரம்பலூரின் மக்கள்தொகை, மேலே சொன்ன இரண்டையும் கூட்டினால், 11,89,170. இதை வகுத்தால் 4.46. பக்கத்து முழு எண் நான்கு. அதற்குமுன் அங்கே ஐந்து தொகுதிகள் இருந்தன: பெரம்பலூர், வரகூர், அரியலூர், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம். ஆணையத்தின் வரைபடத்தில் நான்கு: பெரம்பலூர், குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம்.

சரி, அன்றைக்கு இரண்டும் தனித்தனி மாவட்டமாக இருந்திருந்தால்? அரியலூர் 2.61. பெரம்பலூர் 1.85. பக்கத்து முழு எண்கள் மூன்றும் இரண்டும். ஐந்து!

அதே மனிதர்கள், அதே வீடுகள், அதே 2001 கணக்கு. நடுவில் ஒரு கோடு இருந்தால் ஐந்து எம்.எல்.ஏ., இல்லாவிட்டால் நான்கு. மொத்தம் 234-ஐத் தாண்டக்கூடாது என்பதால் எங்கேயாவது ஒன்றைப் பிடுங்கித்தான் சரிக்கட்டியிருப்பார்கள். அந்தக் கை இங்கே நீண்டிருக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் 0.61-ஐயும் 0.85-ஐயும் வைத்துக்கொண்டு வாதாட ஒரு வழியாவது இருந்திருக்கும். 0.46-ஐ வைத்துக்கொண்டு என்ன பேசுவது? அரியலூரைத் திரும்பச் சேர்த்ததைப் பற்றி அந்த நாளில் கலெக்டர் ஆபீஸ் போச்சு, கடை வியாபாரம் போச்சு என்றுதான் வருத்தப்பட்டார்கள். ஒரு சட்டமன்ற இடமும் அதோடு போயிருக்கலாம் என்பதை யாரும் மேடையில் சொன்னதாக நான் கேட்டதில்லை.

புது வரைபடம் 2008 பிப்ரவரி 19 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பே அரியலூர் மீண்டும் மாவட்டமாகிவிட்டிருந்தது. வரைந்த கோட்டை யார் அழிப்பார்கள்? விளைவு, குன்னம். ஆணையத்தின் கண்ணில் அது ஒரே மாவட்டத்துக்குள் அடங்கிய ஒழுங்கான தொகுதி. இன்று பார்த்தால் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம் பக்கமும் அரியலூர் மாவட்டத்துச் செந்துறைப் பக்கமும் ஒரே தொகுதியில். அதன் எம்.எல்.ஏ. சாலை கேட்க ஒரு கலெக்டரிடமும், அதே சாலையின் மறுபாதிக்கு இன்னொரு கலெக்டரிடமும் போக வேண்டும்.

ஆண்டிமடத்தின் கடைசி எம்.எல்.ஏ. எஸ்.எஸ். சிவசங்கர், 2006-ல் வென்றவர். தொகுதி கலைந்ததும் 2011-ல் குன்னத்தில் நின்று அதன் முதல் எம்.எல்.ஏ. ஆனார். ஆள் தப்பித்துவிட்டார், ஆண்டிமடம்தான் தப்பவில்லை. பின்னாளில் உடையார்பாளையம் தாலுகாவைப் பிரித்து ஆண்டிமடத்தைத் தனித் தாலுகா ஆக்கினார்கள். எம்.எல்.ஏ.வை இழந்த ஊருக்குத் தாசில்தார் கிடைத்தார். நல்லதுதான். ஆனால் தாசில்தாரை அடுத்த தேர்தலில் தோற்கடிக்க முடியாது.

எம்.பி. தொகுதிக்கு வந்தால் இன்னும் விசேஷம். சிதம்பரம் தனித் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள்: குன்னம், அரியலூர், ஜெயங்கொண்டம் ஒரு பக்கம், புவனகிரி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் மறுபக்கம். பெயர் நடராஜருடையது, தேர்தல் நடத்தும் அலுவலர் அரியலூர் கலெக்டர். 2019-ல் தொல். திருமாவளவன் 3,219 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அன்று ராத்திரி முழுக்கத் தொலைக்காட்சிகள் சிதம்பரம், சிதம்பரம் என்று துடித்துக்கொண்டிருந்தன. வாக்குகள் எண்ணப்பட்டதோ உடையார்பாளையத்துக்குப் பக்கத்துத் தத்தனூரில். வென்றவரின் சொந்த ஊரான அங்கனூரும் செந்துறை வட்டம், அரியலூர் மாவட்டம். அப்புறம் எதற்குச் சிதம்பரம் என்று மீன்சுருட்டியில் கேட்டால் சிரிப்பார்கள். பெயருக்காக யாரும் சண்டை போடுவதில்லை. ஆனால் அந்த எம்.பி. தொகுதி முழுக்க ஒரு வேலை செய்ய அரியலூர், பெரம்பலூர், கடலூர் என்று மூன்று கலெக்டர்களைப் பிடிக்க வேண்டும் என்பது சிரிக்கிற சமாசாரமில்லை.

இந்தக் கூத்து நமக்கு மட்டும் உரியதல்ல. இலங்கையில் கிளிநொச்சி 1984-ல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி நிர்வாக மாவட்டமானது. தேர்தல் மாவட்டம் மட்டும் இன்றுவரை யாழ்ப்பாணம்தான். மன்னாரும் வவுனியாவும் முல்லைத்தீவும் சேர்ந்து வன்னி. நிர்வாக மாவட்டங்கள் 25, தேர்தல் மாவட்டங்கள் 22. போரில் சனம் சிதறியதில் யாழ்ப்பாணத்தின் நாடாளுமன்ற இடங்கள் 2010-ல் ஒன்பதாக இருந்து, 2015-ல் ஏழாகி, 2024-ல் ஆறுக்கு வந்துவிட்டன. அங்கே கோடு அசையவில்லை, எண் அசைந்தது. இங்கே 1976 முதல் மாநிலத்துக்கு எத்தனை இடம் என்ற எண்ணை உறையவைத்துவிட்டு, உள்ளே கோட்டை மட்டும் அசைத்தோம்.

மாவட்டத்தை வெட்டுவதும் பெயர் சூட்டுவதும் இந்த மண்ணுக்குப் பழைய பொழுதுபோக்கு. மீன்சுருட்டியிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லும்படி கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திரன் காலந்தொட்டு இருநூற்றைம்பது ஆண்டுகள் தலைநகர். அவன் அப்பன் ராஜராஜன் நாட்டை வளநாடுகளாகப் பிரித்துத் தன் பட்டப்பெயர்களையே அவற்றுக்கு வைத்தான்: க்ஷத்ரியசிகாமணி வளநாடு, ராஜேந்திரசிம்ம வளநாடு என்று. நம் காலத்தில் மாவட்டங்களுக்குத் தலைவர்கள் பெயர் வைத்து, 1997-ல் ஒரே வீச்சில் எல்லாவற்றையும் எடுத்தோம். அந்தத் தலைநகரின் பெயரில் இன்று ஒரு தாலுகாகூட இல்லை, பாருங்கள்.

2011-ல் இரண்டு மாவட்டங்களும் சேர்ந்து 13,20,117 பேர். நான்கு தொகுதிக்கு வகுத்தால் ஒன்றுக்கு 3,30,029. மாநிலச் சராசரி 3,08,321. அதாவது இங்கே ஒரு எம்.எல்.ஏ.வின் தலையில் இருபதாயிரம் பேருக்கு மேல் கூடுதல். அந்த 0.46 எங்கேயும் ஆவியாகிவிடவில்லை. நான்கு பேர் தோளில் பகிர்ந்து ஏற்றப்பட்டிருக்கிறது.

அடுத்த மறுவரையறையில் தமிழ்நாட்டுக்கு எம்.பி. எத்தனை என்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான், 1967-ல் 41 என்பது 39 ஆனதை மறப்பதற்கில்லை. நான் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடச் சின்ன விஷயம்: புதிய ஆணையம் எந்தத் தேதியை உறையவைக்கும்? 2027 கணக்கெடுப்புக்காக நிர்வாக எல்லைகளை 2025 டிசம்பர் 31-க்குள் முடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கும்பகோணத்தை மாவட்டமாக்கு என்கிறவர்களும், விருத்தாசலத்தைக் கேட்கிறவர்களும் மனுவோடு ஒரு கால்குலேட்டரையும் வைத்துக்கொள்ளலாம். தனியாகப் பிரிந்தால் தசமப்புள்ளிக்குப் பின்னால் என்ன வருகிறது, சேர்ந்திருந்தால் என்ன வருகிறது என்று பார்த்துவிட்டுக் கோஷம் போடலாம்.

அலுவலகத்திலிருந்து இரண்டாவது போன் வந்துவிட்டது, பக்கம் நிறைந்துவிட்டதாம். மூன்றடுக்கு ஊராட்சி அடுத்த வாரம், இந்தத் தடவை நிஜமாகவே. அதில் முதலில் எடுக்கப்போவது 2019 டிசம்பர் ஊரக உள்ளாட்சித் தேர்தல். அரியலூரில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். கள்ளக்குறிச்சி, தென்காசி, ராணிப்பேட்டை உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் போடவில்லை. புதிதாகப் பிரித்த மாவட்டங்களில் வார்டு வரையாமல் தேர்தல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால், அவர்களுக்கு முறை வந்தது 2021 அக்டோபரில்.