முகிலுக்கு மேலே ஒரு சூரியன்

மாலை வேளையில் வெள்ளவத்தைக் கடற்கரையில் காற்று வாங்க அமர்ந்திருப்போர், சூரியன் கடலில் இறங்கும் காட்சியைக் கண்டு களிப்பர். ஆயினும் அவர்கள் காணும் பொற்றட்டு, சூரியனின் பிரகாசமான மேற்பரப்பு மட்டுமே. அதனைச் சூழ்ந்துள்ள வளிமண்டலமும், அதற்கும் அப்பால் விரியும் ஒளிமகுடமும் அப்பிரகாசத்தினுள் மறைந்துவிடுகின்றன. பூரண கிரகணத்தின்போது, சந்திரன் அத்தட்டை மூடும் சில நிமிடங்களிலேதான் அவை நம் கண்ணுக்குப் புலப்படும்.

அந்தச் சில நிமிடங்களை நாடி வானியலாளர் கடல் கடந்து இலங்கைக்கு வந்ததுண்டு. 1871 டிசம்பர் 12ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் வானம் துணைசெய்தது. ஒளிமகுடத்தைப் படம் பிடித்தார்கள். 1955 யூன் 20ஆம் திகதியோ, பொலன்னறுவைப் பகுதியில் கருவிகளுடன் காத்திருந்தவர்களை முகில் ஏமாற்றிவிட்டது.

முகில் விலகினாலும் இன்னொரு திரை உண்டு. சூரியனின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 5,500 பாகை செல்சியஸ். ஒளிமகுடத்திலோ அது பத்து இலட்சம் பாகையையும் தாண்டுகின்றது. அடுப்பை விட்டு விலக விலகச் சூடு குறைவதே நாம் அறிந்த நியதி. இங்கு அது கூடுவதேன்? அத்துணை வெப்பமான வாயு, ஊதாக் கடந்த கதிர்களையும் எக்ஸ் கதிர்களையுமே மிகுதியாக வீசுகின்றது. அவற்றைப் பூமியின் ஓசோனும் ஒட்சிசனும் நைதரசனும் உறிஞ்சிவிடுகின்றன. நம் உயிரைக் காக்கும் திரையே நம் பார்வையையும் மறைக்கின்றது.

அத்திரைக்கு மேலே செல்ல ரொக்கெட் வழிகாட்டியது. அமெரிக்க விஞ்ஞானி ரிச்சர்ட் டூசியின் குழுவினர், ஜெர்மனியிடமிருந்து கைப்பற்றிய வி-2 ரொக்கெட்டின் முனையில் தமது கருவியை வைத்து 1946 யூனில் ஏவினர். அது நிலத்தில் மோதிப் புதைந்தது, படச்சுருள் கிடைக்கவில்லை. அவர்கள் மனந்தளராது, கருவியை வால்பகுதிக்கு மாற்றி, அக்டோபர் 10ஆம் திகதி மீண்டும் முயன்றனர். இம்முறை சுருள் தப்பியது. ரொக்கெட் ஏற ஏறச் சூரிய நிறமாலை ஊதாவுக்கு அப்பால் நீண்டு செல்வதை மனிதர் முதன்முறையாகக் கண்டனர்.

ரொக்கெட் தந்ததும் சில நிமிடங்களே. இன்று செயற்கைக்கோள்கள் இடையறாது நோக்குகின்றன. 2023 செப்டெம்பர் 2ஆம் திகதி இந்தியா ஏவிய ஆதித்யா-எல்1, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றர் தொலைவில் நின்று ஊதாக் கடந்த கதிர்களிற் சூரியனைப் படம் பிடிக்கின்றது. அத்திட்டத்தின் இயக்குநராக விளங்கியவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி என்னும் தமிழ்ப் பெண்மணி.

ஒளிமகுடத்தின் புதிர் இன்னும் முற்றாக அவிழவில்லை. அதனை அவிழ்ப்பவர், இன்று கொட்டாஞ்சேனையில் விஞ்ஞானப் பாடம் படிக்கும் ஒரு சிறுமியாகவும் இருக்கலாமன்றோ?