கேட்டா, சாட்டா?

ஈப்போவில் எந்த இரும்புச் சாமான் கடைக்குப் போனாலும் சி, ஏ, டி என்ற மூன்று எழுத்தைப் பார்க்கலாம். அங்கே அது பூனை இல்லை, சுவருக்கு அடிக்கும் சாயம். மலாயில் அதைச் ‘சாட்’ என்று படிக்க வேண்டும். அந்தக் கடையைத் தாண்டிப் பள்ளிக்குப் போகும் தமிழ்ப்பிள்ளை, முதலாம் ஆண்டு ஆங்கில வகுப்பில் அதே எழுத்துகளைக் ‘கேட்’ என்று படித்துப் பூனைப் படத்தோடு கோடு போட்டு இணைக்க வேண்டும். ஏழு வயதில் அவன் படிப்பது மூன்று மொழி. அவற்றில் இரண்டு, ஒரே எழுத்தை உடுத்திக்கொண்டு வருகின்றன.

இப்படிப்பட்ட சொற்கள் நிறைய. ஏ, ஐ, ஆர் சேர்ந்தால் ஆங்கிலத்தில் காற்று, மலாயில் தண்ணீர். ஜே, ஏ, எம் என்றால் ஆங்கிலத்தில் ரொட்டிக்குத் தடவுவது, மலாயில் மணி. ‘மெயின்’ என்று ஆங்கிலத்தில் படிக்கும் எழுத்துகள் மலாயில் விளையாட்டைக் குறிக்கின்றன. ஆங்கிலத்தில் தோல்வி அடைவதற்கு எழுதும் ‘ஃபெயில்’, மலாயில் கோப்பு. நெடுஞ்சாலையில் வேக வரம்புக்குப் போட்டிருக்கும் ‘ஹாட் லாஜு’ பலகையின் முதல் சொல், ஆங்கிலப் புத்தகத்தில் ‘ஹேட்’ ஆகி, முன்பு இருந்ததைச் சொல்கிறது.

இவற்றில் பிள்ளைகளை அதிகம் படுத்துவது புத்தகப்பைதான். ஆங்கிலத்தில் ‘பேக்’ என்று எழுதச் சொன்னால், நடுவில் ஏ போடாமல் இ போட்டுவிடுவார்கள். பி, இ, ஜி. மலாயில் பைக்கு அதுதான் சரியான எழுத்து. காலையில் மலாய்ப் பாடத்தில் சரி வாங்கிய சொல்லுக்கு, இடைவேளைக்குப் பிறகு ஆங்கிலப் பாடத்தில் சிவப்பு வட்டம் விழுகிறது. பிள்ளைக்குக் காரணம் புரிவதில்லை. அந்த மூன்று எழுத்துக்கு ஆங்கிலத்தில் கெஞ்சுவது, பிச்சை கேட்பது என்று பொருள் இருப்பதையும் யாரும் அந்த நேரத்தில் சொல்லிக் கொடுப்பதில்லை. இதைக் கவனக்குறைவு என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன். அவன் கற்றதை ஒழுங்காகத்தான் எழுதியிருக்கிறான்.

இந்தச் சிக்கலில் ஒரு பகுதிக்குப் பிறந்தநாளே உண்டு. 1972 ஆகஸ்ட் 16இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் மலாய் எழுத்துமுறையைச் சீர்திருத்தி அறிவித்தன. அதுவரை மலேசியாவில் ‘ச’ ஒலிக்கு ஆங்கிலத்தைப் போலவே சி, எச் என்று இரண்டு எழுத்து இருந்தது. சீர்திருத்தத்தில் எச் போய்விட்டது. அதன் பிறகுதான் சாயமும் பூனையும் ஒரே உருவுக்கு வந்தன. முத்திரையைக் குறிக்கும் ‘சாப்’ ஆங்கிலத் தொப்பியான ‘கேப்’ போல ஆனதும் அப்போதுதான். தலைவலித் தைலப் பெட்டியில் ‘சாப் காப்பாக்’ (கோடரி முத்திரை) என்றிருப்பதைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். நம் பேராக் மாநிலத்தின் ஊர்ப்பெயர்கள் சில மட்டும் பழையபடியே நிற்கின்றன. செம்மோர், சங்காட் ஜெரிங் இரண்டிலும் அந்த எச் இன்னும் இருக்கிறது. ஆயர் தாவாரிலும் ஆயர் கூனிங்கிலும் தண்ணீருக்குப் பழைய நான்கெழுத்துதான். நம் ஊர்ப் பலகைகளே ஒரு பாடம்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்காக எழுதிய ஆங்கிலப் பாடநூலில் இதெல்லாம் வராது. தன்னைப் படிக்கும் பிள்ளைக்கு மலாயும் தெரியும் என்பது அந்த நூலுக்குத் தெரியாது. ஆசிரியருக்குத் தெரியுமே! ஒரே எழுத்துகள் கொண்ட ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துப் பொருளோடு கற்பிப்பது நல்ல முறை. அந்தப் பட்டியலில் மலாய்ச் சொல்லையும் பக்கத்தில் எழுதிப் போட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

தீருவது மட்டுமில்லை, லாபமும் இருக்கிறது. ‘யுனிவர்சிட்டி’, ‘குவாலிட்டி’, ‘ஐடென்டிட்டி’ ஆகிய மூன்றும் மலாயிலும் இருக்கின்றன. கடைசியில் ஒய் இருந்த இடத்தில் ஐ வரும். இடையில் சில எழுத்துகள் மாறும்: கியூ இருந்த இடத்தில் கே வரும். ‘கிளினிக்’, ‘மியூசிக்’ என்று சி-யில் முடிபவை மலாயில் கே-யில் முடியும். ‘லஜி’ என்று முடியும் சொற்கள் ‘லோகி’ ஆகும்: பயாலஜி உயிரியல், சைக்காலஜி உளவியல், ஜியாலஜி நிலவியல். ஈப்போவிலேயே நிலவியல் அருங்காட்சியகம் இருக்கிறது. சுண்ணாம்புக் குன்றும் ஈயமும் நிறைந்த ஊர்ப் பிள்ளைக்கு அந்தச் சொல் அந்நியமாக இருக்கக் கூடாது. ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இந்த முடிவுகளைக் காட்டிவிட்டால், மலாயில் ஏற்கெனவே தெரிந்த நீளமான சொற்கள் ஆங்கிலத்திலும் கைக்கு வந்துவிடும். தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதே இல்லை.

வீட்டிலும் ஒரு புதையல் கிடக்கிறது. ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டிகளுக்கு ‘டிரசர்’ என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். அகராதியில் அதே சொல்லுக்குத் துணி வைக்கும் அலமாரி என்றும் பொருள். ‘கண்டக்டர்’ பேருந்தில் சீட்டுக் கொடுத்தார், தோட்டத்தில் வெளிவேலையை மேற்பார்த்தார். அறிவியல் பாடத்தில் மின்சாரத்தைக் கடத்தும் செம்பும் கண்டக்டர்தான். ‘டேப்’ என்ற மூன்றெழுத்து தண்ணீர்க் குழாய், தோளில் லேசாகத் தட்டுவது, பட்டையைச் சீவிப் பாலெடுப்பது மூன்றுக்கும் வரும். அதோடு பி, இ, ஆர் சேர்த்தால் ‘டேப்பர்’, பால்மரம் வெட்டுபவர். பாட்டி பார்த்த வேலை அது என்று தெரிந்தால், இரண்டு பி போடப் பிள்ளை மறக்காது.

‘ரப்பர்’ என்ற பெயரும் அப்படி வந்ததே. ‘ரப்’ என்றால் தேய்ப்பது. பென்சில் எழுத்தைத் தேய்த்து அழிக்க அந்தப் பொருள் உதவும் என்பதை 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில அறிவியலாளர் எழுதிவைத்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, 1877இல், பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ கோலாகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றில் ஒன்று இன்றும் அங்கே மரமாக நிற்கிறது.

ஈப்போ, சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆங்கில ஆசிரியர்கள் ஒரு தவணைக்கு இதைச் செய்து பார்க்கலாம். வாரம் ஓர் எழுத்துக்கூட்டம். ஆங்கிலப் பொருள் ஒரு பக்கம், மலாய்ப் பொருள் மறுபக்கம், நடுவில் தமிழ். கடைப் பலகை, சாலைப் பலகை, தைலப் பெட்டி எல்லாவற்றிலிருந்தும் பிள்ளைகளே சொல் கொண்டுவரட்டும். தோட்டத்துச் சொற்களுக்கு வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். முதல் வாரத்துக்குப் புத்தகப்பையையே எடுத்துக்கொள்ளலாம்.