திருட்டு அலாரம்: காசை வயரிங்ல போடுங்க!

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சது. ஆனா அப்பா அம்மா சாணார்பட்டியில, நீங்க சென்னையில வேலைன்னா, பூட்டோட அலாரமும் மாட்டத் தோணும். மாட்டுங்க. ஆனா காரணமே இல்லாம அலறுற அலாரத்தை வீட்ல ஆஃப் பண்ணி வெச்சிடுவாங்க. போட்ட காசு அத்தனையும் வீண்.

கதவு சென்சாருக்கு மூடிய சுற்று வயரிங் கேளுங்க. அதுல எப்பவும் சின்ன மின்சாரம் ஓடும். வயரை வெட்டினா உடனே அலறும். திறந்த சுற்றுல வெட்டினாலும் சத்தமே வராது. ரெண்டு வயரையும் ஒட்டவெச்சு ஏமாத்துறதைக் கண்டுபிடிக்க ஒரு ரெசிஸ்டர் வேணும். அது சென்சார் பக்கம் இருக்கணும், பேனல் பெட்டிக்குள்ள இருந்தா பிரயோஜனமில்ல.

வீண் அலறலுக்குக் காரணங்கள்: லூஸ் ஜாயிண்ட், 230 வோல்ட் லைனோட ஒரே பைப்ல போன சென்சார் வயர், வெயில் விழும் ஜன்னலைப் பார்த்து மாட்டின மோஷன் சென்சார், அதோட லென்ஸ் மேல ஊர்ற பூச்சி.

மீதிப் பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி, அலாரத்தை ஆன் பண்ணி, ஒரு சென்சார் வயரைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. அலறினா மட்டும் பணம் கொடுங்க!