மாலுமி இல்லாக் கப்பலில் தீப்பிடித்தால்?

நாமக்கல் முட்டைக்கும் நடுக்கடலுக்கும் என்ன தொடர்பு? உண்டு, தோழர்களே! பண்ணையில் அட்டையில் அடுக்கப்படும் முட்டை, குளிரூட்டிய கண்டெய்னரில் தூத்துக்குடி சென்று, கப்பலேறி அரபு நாடுகளுக்குப் போகிறது. அந்தக் கப்பலை ஓட்ட இனி மாலுமியே வேண்டாம் என்கிறார்கள் சிலர்.

வெறும் பேச்சல்ல. நார்வே நாட்டிலே 'யாரா பிர்க்லேண்ட்' என்ற மின்சாரக் கப்பல் 2022 முதல் உரம் சுமந்து செல்கிறது. தானே ஓடும்படி அமைத்த கப்பல்தான். ஆயினும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டுதான் ஓடத் தொடங்கியது!

இயந்திரத்துக்கு நாம் பகைவரல்ல. ஆபத்து நேரத்தில் யார் இருப்பார் என்றுதான் கேட்கிறோம்.

2024 மார்ச் 26. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட 'டாலி' என்ற சரக்குக் கப்பலில் மின்சாரம் நின்றது. சுக்கான் பிடிபடவில்லை, எதிரே பாலம். மாலுமிகளில் பெரும்பாலோர் நம் நாட்டவர். கப்பலை வழிநடத்த ஏறியிருந்த பைலட்டுகள் நங்கூரம் இறக்கச் சொன்னார்கள். அபாயக் குரல் கொடுத்தார்கள். அதைக் கேட்டுக் காவலர்கள் பாலத்தின் இரு முனையிலும் வண்டிகளை மறித்தார்கள். பாலம் விழுந்தது. வண்டிகள் தப்பின. ஆனால் பாலத்தின் மேலே சாலை செப்பனிட்டுக் கொண்டிருந்த தொழிலாளர்களுக்கு அந்த எச்சரிக்கை எட்டவில்லை. 6 பேர் மாண்டனர். இத்தனைக்கும் மூல காரணம், சரியாகப் பொருந்தாத ஒரே ஒரு மின்கம்பி என்று பின்னர் விசாரணையில் கண்டார்கள்!

தொப்பூர் கணவாயில் பிரேக் பிடிக்காத லாரியை மலைப்பக்கம் ஒடித்து நிறுத்தும் டிரைவரைச் சேலத்துத் தோழர்கள் அறிவர். அந்தக் கைக்கு ஈடாக எதை வைக்கப் போகிறார்கள்?

"ஆளே இல்லாவிட்டால் உயிர்ச்சேதமும் இல்லையே" என்பர். நியாயமான வாதம்தான். 2025 ஜூன் 9 அன்று கேரளக் கடலில் 'வான் ஹாய் 503' தீப்பற்றியபோது, 22 மாலுமிகளில் 18 பேர் மீட்கப்பட்டனர். 4 பேரைக் காணவில்லை. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். ஆளற்று, எரிந்தபடியே மிதந்த கப்பல் கரைப்பக்கம் ஒதுங்காதிருக்க, இழுவைக் கயிறு கட்ட வேண்டியிருந்தது. கட்டியது யார்? கடற்படை ஹெலிகாப்டரிலிருந்து அந்த எரியும் கப்பலில் இறங்கிய மனிதர்கள்! ஆளில்லாக் கப்பலைக் காக்கவும் ஆள்தான் போக வேண்டும்.

கள்வர் பயமும் உண்டு. இந்தக் கள்வருக்குப் படகு தேவையில்லை. 2017 ஜூனில் கணினிகளைத் தாக்கிய ஒரு நச்சு நிரல், மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையத்தையே முடக்கிற்று. அன்று நின்றது கரையிலுள்ள கிரேன். நாளை நடுக்கடலில் சுக்கானே பிறர் கைக்குப் போனால்?

இத்தகைய கப்பல்களுக்கான விதிகளை 2032 ஜனவரி முதல் கட்டாயமாக்கச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு திட்டமிட்டிருக்கிறது. கரையில் திரைமுன் அமரும் ஒருவர் தலையில் எத்தனை கப்பலைக் கட்டலாம்? தொடர்பு அறுந்தால் கப்பல் எங்கே நிற்க வேண்டும்? தீயணைக்க இறங்குபவருக்குப் பயிற்சியும் நட்டஈடும் யார் பொறுப்பு? இந்த மூன்றுக்கும் விடை எழுதப்படுமுன், மாலுமி இல்லாத கப்பல் எதையும் தூத்துக்குடியில் அனுமதிக்கக் கூடாது என்று மத்திய கப்பல்துறையைக் கேட்கிறோம்.