உஷார்! ஆற்றில் காலை ஊன்றாதீர்கள்

போன வாரம் எங்கள் அட்லாண்டா நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. கார் கூரையில் வாடகைக் கனூ படகு ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். கீழே ஒரு வரி: "ரெண்டு வாரம் ஏரியில துடுப்புப் போட்டுப் பழகியாச்சு. அடுத்த சனிக்கிழமை சட்டூகா!" அதன் கீழே வரிசையாகக் கைதட்டல்கள். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. உடனே போன் செய்து, கெஞ்சாத குறையாக அந்தப் பயணத்தை நிறுத்த வைத்தேன். இன்னும் எத்தனை வீட்டில் இப்படி ஒரு கனூ காரில் ஏறிக்கொண்டிருக்கிறதோ தெரியவில்லை. அதனால்தான் இவ்வளவு அவசரமாக எழுதுகிறேன்.

சட்டூகா, ஜார்ஜியாவுக்கும் தென் கரோலினாவுக்கும் எல்லைக்கோடாக ஓடும் ஆறு. 1972இல் வந்த 'டெலிவரன்ஸ்' படத்தின் ஆற்றுக் காட்சிகள் பலவற்றை இங்கேதான் எடுத்தார்கள். நகரத்து நண்பர்கள் நான்கு பேர் கனூவில் மலையாற்றில் இறங்கும் கதை. படத்தைப் பார்த்த சூட்டோடு, துடுப்பையே தொட்டிராதவர்கள் கூட்டம் கூட்டமாக அந்த ஆற்றுக்கு வந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே மூழ்கிச் செத்தவர்கள் பலர். அன்றைக்கு சினிமா, இன்றைக்கு யூடியூப்.

அந்த ஆற்றில் வுடால் ஷோல்ஸ் என்று ஓர் இடம். மேலிருந்து பார்த்தால் தண்ணீர் ஒரு சின்னப் படி இறங்குவது போலத்தான் தெரியும். ஆனால் படியின் அடியில் தண்ணீர் தன் மேலேயே திரும்பச் சுருண்டு விழுகிறது. உள்ளே மாட்டியவரை வெளியே விடாமல் மறுபடி மறுபடி அமுக்கும். மிரட்டுகிற பெரிய அருவியைக் கண்டால் எல்லோரும் தாமாகவே இறங்கி நடந்துவிடுகிறார்கள். இப்படிச் சாதுவாகத் தெரியும் இடங்கள்தான் உயிரை வாங்கியிருக்கின்றன.

நம்மவர்களுக்கு இதில் தனியாக ஓர் ஆபத்து உண்டு. நான் குளித்தலையில் காவிரியில் நீந்தி வளர்ந்தவன். அங்கே ஆற்றில் இறங்குமுன் கேட்கும் முதல் கேள்வி, "நிலை இருக்கா?" கால் தரையைத் தொட்டால் நிலை, தொடாவிட்டால் நீச்சல். கொஞ்சம் தள்ளிப் போய்விட்டால் கரையிலிருந்து சித்தப்பா கத்துவார்: "நிலைக்கு வாடா!" கால் மணலில் பட்டதும் வருகிற நிம்மதி இருக்கிறதே, அது உடம்பிலேயே ஊறிப்போன ஒன்று. பாறையாற்றில் ஆளைக் கொல்வது அந்த நிம்மதிதான்.

வட கரோலினாவில் நண்டஹாலா ஆற்றில் நான் கனூ கற்றுக்கொள்ளப் போன இரண்டாம் நாள் கவிழ்ந்தேன். தண்ணீர் தொடையளவுதான். நீந்தத் தெரிந்தவன், லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறேன், பயமே இல்லை. எழுந்து நிற்கக் காலைக் கீழே விட்டேன். வலது பாதம் இரண்டு கல்லுக்கு நடுவே போய்ச் செருகிக்கொண்டது. பின்னாலிருந்து தண்ணீர் முதுகில் மோதி என்னை முன்பக்கமாக மடக்கியது. முகம் தண்ணீருக்குள். கையை ஊன்றி நிமிரப் பார்த்தேன், முடியவில்லை. என் நல்ல நேரம், செருப்பு கழன்று பாதம் வெளியே வந்தது. பயிற்சியாளர் முதல் நாளே இதை மூன்று முறை சொல்லியிருந்தார். காதில் விழுந்ததுதான். காலுக்குப் போய்ச் சேரவில்லை.

ஓடுகிற தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. பாதம் மாட்டிக்கொண்டால் அந்த விசை முழுவதும் உங்கள் முதுகில் இறங்கும். லைஃப் ஜாக்கெட் தூக்கும் விசை அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. ஆகவே ஓட்டமுள்ள இடத்தில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் இருந்தால் எழுந்து நிற்காதீர்கள். மல்லாந்து படுத்து, கால்விரல்கள் தண்ணீருக்கு மேலே தெரியும்படி, பாதங்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டிக்கொண்டு மிதந்து போங்கள். எதிரே வரும் பாறையைக் காலால் உதைத்துத் தள்ளலாம். கை தரையைத் தட்டும் அளவுக்குத் தண்ணீர் குறைந்த பிறகு எழுந்தால் போதும்.

துடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். ஏரியில் பழகிய துடுப்பு வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே பழகத்தான் வேண்டும். மண்டியிட்டு உட்கார்ந்து, துடுப்பை நட்டு வைத்தாற்போல் செங்குத்தாக முன்னே இறக்கி, தோளையும் இடுப்பையும் திருப்பி வலித்து, இடுப்புக்கு நேராக வந்ததும் எடுத்துவிட வேண்டும். அதைத் தாண்டி இழுத்தால் படகு மறுபக்கம் திரும்பும். பின்னால் இருப்பவர் வலிப்பின் கடைசியில், மேல்கைக் கட்டைவிரல் கீழே பார்க்கும்படி மணிக்கட்டைத் திருப்பி, தண்ணீரை லேசாக வெளியே தள்ளிப் படகை நேராக்குவார். ஜே வலிப்பு என்பது இதுதான். ஒரு வாரத்தில் வந்துவிடும். ஆனால் ஏரித் தண்ணீர் உங்களைத் தள்ளுவதில்லையே! தண்ணீர் தள்ளும்போது உடம்பு தானாக என்ன செய்கிறது என்பதை ஏரி ஒருநாளும் காட்டிக்கொடுக்காது.

படகு ஆடியதும் கை தானாகப் போய் விளிம்பைப் பிடிக்கும். அப்படிப் பிடித்தவர் கவிழ்ந்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். துடுப்பு தண்ணீரில் இருக்கும்வரை அது உங்களுக்கு மூன்றாவது கால் மாதிரி. படகு துடுப்புப் பக்கமாகச் சாய்கிறதா? விரல்முட்டிகள் கீழே பார்க்க, இரண்டு கையையும் தாழ்த்தி, துடுப்பின் தட்டையைத் தண்ணீரின் மேல் அறைந்து, முழங்காலால் படகை நிமிர்த்துங்கள். தலை கடைசியில்தான் மேலே வர வேண்டும். பயத்தில் தலையை முதலில் தூக்கினால் அந்த எடையே படகைக் கவிழ்த்துவிடும். கையைத் தலைக்கு மேலே உயர்த்தியும் தாங்கப் பார்க்காதீர்கள், தோள்மூட்டு கழன்றுவிடும்.

பாறைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி மேல்நோக்கி ஓடும் அமைதியான இடத்தை எடி என்கிறார்கள். அங்கிருந்து ஓட்டத்துக்குள் நுழையும் நொடியில் படகை ஓட்டம் போகும் கீழ்ப்பக்கமாகச் சாய்க்க வேண்டும், சைக்கிளில் வளைவு திரும்பும்போது உள்பக்கம் சாய்வது போல. வருகிற தண்ணீருக்குப் பயந்து உடம்பு மேல்பக்கம் ஒதுங்கும். ஒதுங்கினால் அந்தப் பக்க விளிம்பு தண்ணீரில் அமிழ்ந்து, கண் இமைப்பதற்குள் படகு தலைகீழாகிவிடும். பாறையில் பக்கவாட்டாக மோதப் போகும்போதும் இதே கதைதான். பாறையை விட்டு விலகத் தோன்றும். ஆனால் பாறையின் மேல் சாய்ந்து, அதை அணைத்துக்கொள்ள வேண்டும். விலகினால் படகுக்குள் தண்ணீர் நிறைந்து, பாறையைச் சுற்றி அது தகரம் போல மடங்கும். நீர் நிறைந்த பெரிய கனூ அரை டன்னை எட்டிவிடும். அதற்கும் பாறைக்கும் நடுவே ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை. கவிழ்ந்தால் எப்போதும் படகுக்கு மேல்புறம், அதாவது தண்ணீர் வரும் பக்கம், போய்விடுங்கள்.

விழுந்து கிடக்கும் மரமும் அப்படித்தான். எதையாவது பற்றத் துடிப்பவருக்குக் கிளைகள் தெய்வமாகத் தெரியும். தண்ணீர் கிளைகளின் ஊடே போய்விடும், ஆள் வலையில் மீன் போல அங்கேயே நிற்பார். தூரத்தில் பார்க்கும்போதே விலகுங்கள். விலக முடியாவிட்டால், மல்லாந்து மிதப்பதை அந்த ஓரிடத்தில் மட்டும் விட்டுவிட்டு, குப்புறத் திரும்பி, தலை முன்னே இருக்க வேகமாக நீந்தி மரத்தின் மேலே ஏறிவிட வேண்டும்.

குளிரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வெளியே வெயில் கொளுத்தினாலும் நண்டஹாலாவில் வருவது அணையின் ஆழத்திலிருந்து திறந்துவிடும் தண்ணீர். கோடையிலும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ்தான். விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு இரைத்து அடங்காது. பிறகு சுமார் 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். கரையிலிருந்து வீசும் கயிற்றைப் பிடிக்க, கரையேற உங்களுக்கு இருப்பது அந்த 10 நிமிடம். பருத்தி டி-ஷர்ட்டோடு இறங்காதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆற்றில் எல்லோரும் கரையேறும் இடத்துக்குச் சற்றுக் கீழே வெஸ்ஸர் அருவி இருக்கிறது. கரையேறும் இடத்தைத் தவறவிட்டவருக்கு யோசிக்க நேரம் கிடைக்காது. படகை இறக்குவதற்கு முன்பே அந்த இடத்தைக் காரில் போய் நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்.

படகு புக் செய்து வைத்திருப்பவர்களே, இன்றே தள்ளிப்போடுங்கள். முன்பணம் போனால் போகட்டும். கவிழ்வதையும் மிதப்பதையும் தண்ணீரிலேயே செய்து காட்டிப் பழக்கும் ஓர் ஆசிரியரிடம் இரண்டு நாள் போங்கள். முதல் காலை முழுவதும் துடுப்பைத் தராமல் உங்களைத் திரும்பத் திரும்ப ஆற்றில் மிதக்க விடுகிறாரா? அவரையே பிடித்துக்கொள்ளுங்கள்.