நெல் அறுத்த வயலில் இறால்

கொச்சியைச் சுற்றியுள்ள பொக்காளி வயல்களில் நெற்கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு ஆட்கள் கரையேறிவிடுவார்கள். நெடிய தாள் அப்படியே தண்ணீரில் சாய்ந்து அழுகும். வைக்கோலை வீணடிக்கிறார்களே என்று நம்மூர் விவசாயிக்குத் தோன்றலாம். அது இறாலுக்கான சாப்பாடு.

நவம்பர் நடுவில் இறால் பருவம் தொடங்கும். மதகின் பலகையைத் தூக்கினால் கடலேற்றத்தோடு காயல் நீர் உள்ளே பாயும். கூடவே, கேரளத்தார் ‘நாரன்’ என்று சொல்லும் வெள்ளை இறாலின் குஞ்சுகளும் வரும். அவற்றை ஈர்க்க இரவில் மதகருகே விளக்கு தொங்கவிடுவது வழக்கம். நீர் வற்றும்போது மதகில் செருகிய மூங்கில் தட்டி குஞ்சுகளை வெளியே விடாது. மரபான முறையில் தீவன மூட்டைக்கு வேலையில்லை. மட்கும் தாளில் பெருகும் நுண்ணுயிர்களும் பாசியும் சிறு புழுக்களுமே இரை. அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி நீர் வேகமாக வடியும் நாட்களில் மதகில் வலை கட்டிப் பிடிப்பார்கள்.

ஏப்ரலில் வயலை வடித்துச் சிறு மண்மேடுகள் கூட்டுகிறார்கள். பருவமழை உப்பைக் கழுவியதும் ஜூனில் முளைகட்டிய நெல் விதைப்பு. இறால் விட்டுப்போன கழிவே உரம். ரசாயன உரமோ பூச்சிமருந்தோ இல்லை.

இதற்கு நேர்மாறான கதை தமிழகத்தில் நடந்தது. 1990களில் நாகைக் கடலோரத்தில் வயல்களை வெட்டி இறால் குட்டைகள் ஆக்கியபோது, கிணறுகள் உப்பாகின. கழிவுநீர் ஓடைகளில் கலந்தது. சர்வோதயத் தலைவர் எஸ். ஜகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் புதிய பண்ணைகளுக்குத் தடை விதித்தது. மரபுமுறை வளர்ப்புக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. இப்போது பெரிய பண்ணைகள் கழிவுநீரைச் சுத்திகரித்த பிறகே வெளியேற்ற வேண்டும்.

கழிவுநீரைக் குறைக்க பயோபிளாக் முறை இன்னொரு வழி. குட்டையில் மொலாசஸ் ஊற்றினால் பாக்டீரியா பெருகி, கழிவிலுள்ள அம்மோனியாவை உண்டு திரள்திரளாக மிதக்கும். அந்தத் திரளை இறால் தின்னும். தண்ணீர் மாற்றும் தேவை வெகுவாகக் குறையும். ஆனால் ஏரேட்டர் இரவும் பகலும் ஓட வேண்டும், மின்கட்டணம் லேசானதல்ல.

பொக்காளியின் சிக்கல் வேறு. ஹெக்டேருக்குச் சில நூறு கிலோ இறால்தான் கிடைக்கும். வன்னாமி என்ற இறால் வகையை வளர்க்கும் குட்டையிலோ டன் கணக்கில் எடுக்கலாம். சேற்றுத் தண்ணீரில் நின்று நெல் அறுக்க ஆளும் கிடைப்பதில்லை. அதனால் நெல்லைக் கைவிட்டு ஆண்டு முழுக்க இறாலை மட்டும் வளர்ப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அந்த வயல்களில் அழுக அந்தத் தாள் கிடையாது. இறாலுக்கான இரையைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.