லாங் பஜார் கம்பியும் போர்ட் பிளேர் குரலும்

வேலூர் லாங் பஜாரில் ஒரு கடைக்குள் நுழைந்து, "இருபது மீட்டர் செம்புக் கம்பி கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். "மோட்டார் காயில் சுற்றவா, வீட்டு ஒயரிங்குக்கா சார்?" என்பார் கடைக்காரர். என்னிடமும் அப்படித்தான் கேட்டார். "இரண்டும் இல்லை. மொட்டை மாடியில் கட்டி வெளியூர்க்காரர்களோடு பேசுவதற்கு" என்றேன். என்னையும் என்னோடு வந்த மாணவர்களையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கம்பியை அளந்தார். பணத்தை வாங்கிக்கொள்ளும்போது, "அதற்குத்தான் கையிலே செல்போன் இருக்கிறதே சார்?" என்றார்.

நியாயமான கேள்விதான். அதற்குக் கடை வாசலில் நின்று விடை சொல்ல இயலவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஹாம் என்பவர் யார்?

ஊதியம் கருதாமல், வானொலிக் கலையில் உள்ள ஆர்வத்தினால் மட்டுமே, அரசின் உரிமம் பெற்றுச் சொந்தமாக வானொலி நிலையம் வைத்துப் பிறரோடு தொடர்பு கொள்பவர்களுக்கு 'ஹாம்' என்று பெயர். நாம் வீட்டில் வைத்திருக்கும் வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே உதவும். ஹாமின் நிலையத்தில் ஏற்பியும் உண்டு, பரப்பியும் உண்டு. அவர் கேட்கவும் செய்வார், பேசவும் செய்வார்.

ஒவ்வொரு ஹாமுக்கும் உலகில் வேறு எவருக்கும் இல்லாத அழைப்புக் குறி ஒன்று தரப்படுகிறது. இந்திய ஹாம்களின் குறி பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம். அவருடைய குறி வி.யு.2 ஆர்.ஜி.

ஹாம்கள் எதைப் பேசலாம் என்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. வியாபாரம், அரசியல், மதம் ஆகிய மூன்றும் கூடாது. இரகசியச் சங்கேதமும் கூடாது. யார் வேண்டுமானாலும் கேட்கும்படி வெளிப்படையாகவே பேச வேண்டும். லாங் பஜாரில் விலை பேசாமல் ஒரு வார்த்தை பேச முடியாது. ஹாம் அலையிலோ விலை பேசினால் குற்றம்!

சென்னையில் தொடங்கிய கதை

இந்தப் பொழுதுபோக்கு நமக்குப் புதிதன்று. 1924ஆம் ஆண்டு மே மாதம் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் என்ற பொறியாளரின் முயற்சியால் 'மதராஸ் மாகாண ரேடியோ கிளப்' தொடங்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 31ஆம் நாள் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. முதலில் அதனிடம் இருந்தது 40 வாட் திறனுள்ள பரப்பி. இன்று நம் வீட்டில் எரியும் பழைய குழல் விளக்கு ஒன்றின் அளவு மின்திறன் அது! பணமுடையால் 1927இல் சங்கம் ஒலிபரப்பை நிறுத்தியது. பரப்பி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1930 ஏப்ரலில் மாநகராட்சி ஒலிபரப்பை மேற்கொண்டது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது 1938இல்தான். ஆகவே, நம் நாட்டு வானொலிக்கு வழி காட்டியவர்களில் பொழுதுபோக்குக்காரர்களின் சங்கம் ஒன்றும் உண்டு என்பதை மறக்கலாகாது.

உலக வரலாற்றிலும் இதே கதைதான். 1912இல் அமெரிக்க அரசு, 200 மீட்டருக்கும் குறைந்த அலைநீளங்களை அமெச்சூர்களுக்கு ஒதுக்கித் தள்ளியது. தூரத் தொடர்புக்கு அவை உதவமாட்டா என்பது அக்கால அறிஞர்களின் எண்ணம். ஆனால் 1923 நவம்பரில் ஏறக்குறைய 100 மீட்டர் அலையில் அமெரிக்க ஹாம்களும் பிரெஞ்சு ஹாம் ஒருவரும் அட்லாண்டிக் கடலைத் தாண்டி ஒருவரோடு ஒருவர் உரையாடிவிட்டார்கள். உதவாதவை எனத் தள்ளப்பட்ட சிற்றலைகளே பிறகு உலகத் தொடர்பைத் தாங்கின.

வானத்தில் ஒரு கண்ணாடி

ஒளியைப் போலவே வானொலி அலையும் நேர்க்கோட்டில் செல்வது. பூமியோ உருண்டை. அப்படியிருக்க, அலை எப்படிக் கடல் தாண்டிப் போகிறது?

பூமிக்கு மேலே ஏறக்குறைய 60 கிலோ மீட்டர் தொடங்கிப் பல நூறு கிலோ மீட்டர் உயரம் வரை சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றின் அணுக்களைத் தாக்கி எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இதுவே அயனி மண்டலம். இப்படி ஓர் அடுக்கு இருக்கலாம் என்று 1902இல் கென்னலியும் ஹெவிசைடும் ஊகித்தார்கள். 1924இல் ஆப்பிள்டன் சோதனை செய்து மெய்ப்பித்தார். அதற்காக 1947இல் நோபல் பரிசு பெற்றார்.

சிற்றலை இந்த மண்டலத்தில் நுழைந்ததும் சிறிது சிறிதாக வளைந்து மீண்டும் பூமிக்கே திரும்புகிறது. மண்டலத்தின் கீழ் அடுக்கு பகலில் அலையை உறிஞ்சிக்கொள்ளும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு மறைந்துபோகும். உயரத்திலுள்ள அடுக்கு மட்டும் இரவிலும் நிற்கும். அதனால்தான் 7 மெகா ஹெர்ட்ஸ் அலை பகலில் சில நூறு கிலோ மீட்டரும் இரவில் பல ஆயிரம் கிலோ மீட்டரும் போகிறது. இரவில் வெளிநாட்டு வானொலி தெளிவாகக் கேட்பதைப் பெரியவர்கள் கவனித்திருப்பார்கள்.

இருபது மீட்டர் ஏன்?

இப்போது நம் கம்பிக்கு வருவோம். அலைநீளம் காண, 300ஐ மெகா ஹெர்ட்ஸில் உள்ள அதிர்வெண்ணால் வகுக்க வேண்டும். 7.1 மெகா ஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 42 மீட்டர் வரும். ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் நன்றாக ஆடுவதுபோல, கம்பி அலைநீளத்தில் பாதி இருந்தால் மின்னோட்டம் அதில் ஒத்ததிர்வு பெற்று நன்றாக ஆடும். பாதி என்றால் 21 மீட்டர். கம்பியின் முனைகளில் ஏற்படும் விளைவால் அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைக்க வேண்டும். எஞ்சுவது 20 மீட்டர். அதை நடுவில் வெட்டி இரு பக்கமும் பத்துப் பத்து மீட்டராகக் கட்டி, நடுவிலிருந்து கேபிளை இறக்கினால் ஏரியல் தயார். இதைவிட எளிய கருவி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில்கூட இல்லை.

முதல் நாள் மாலை எங்கள் மாடியில் ஏற்பியைத் திருப்பியதும் காதைத் துளைக்கும் இரைச்சல்தான் வந்தது. அயனி மண்டலத்தில் ஏதோ கோளாறு என்று நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, மாணவர் ஒருவர் கீழே இறங்கிப்போய் ஒவ்வொரு சுவிட்சாக அணைத்தார். மாடிப்படி எல்.இ.டி. விளக்கை அணைத்ததும் இரைச்சல் நின்றது! விளக்கினுள் இருக்கும் மின்சுற்று நொடிக்குப் பல்லாயிரம் முறை மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்து இணைக்கிறது. ஒவ்வொரு துண்டிப்பும் ஒரு சின்ன வானொலிப் பரப்பிதான். அன்று பாடம் கற்றவன் ஆசிரியன்.

போர்ட் பிளேரில் நடந்தது

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம், ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழுவோடு அந்தமானுக்குச் சென்றிருந்தார். அந்தத் தீவுகளிலிருந்து பல ஆண்டுகளாக ஹாம் குரல் எழுந்ததில்லை. ஆகவே, வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அவருடைய குறியைப் பிடிக்க உலகெங்கும் ஹாம்கள் காத்திருந்தார்கள். அதுவரை அது ஒரு விளையாட்டுத்தான்.

டிசம்பர் 26 காலையில் நிலம் குலுங்கியது, கடல் பொங்கியது. தீவுகளின் தொலைபேசித் தொடர்பு சிதைந்தது. விளையாட்டுக்காகக் கட்டிய நிலையம் அன்றே உயிர் காக்கும் நிலையமாக மாறியது. கார் நிக்கோபாருக்கும் ஹாம் கருவிகள் கொண்டு செல்லப்பட்டன. 'என் மகன் இருக்கிறானா, என் அண்ணன் குடும்பம் தப்பியதா?' என்று தாய்நாட்டில் தவித்தவர்களின் கேள்விகள் அலையேறிப் போயின. விடைகள் அலையேறித் திரும்பின. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே 1,350 கிலோ மீட்டருக்கு மேல் கடல். இடையில் கோபுரம் இல்லை, கம்பி இல்லை. அயனி மண்டலம் மட்டுமே இருந்தது. அதைச் சுனாமி அசைக்கவில்லை.

இலங்கையிலும் அதே நாட்களில் விக்டர் குணதிலக முதலிய ஹாம்கள் பாதிக்கப்பட்ட தென்கரையிலிருந்து செய்தி அனுப்பி உதவினார்கள்.

செல்போன் ஏன் போதாது?

செல்போன் தானாக வெகுதூரம் பேசுவதில்லை. பக்கத்துக் கோபுரம் வரைதான் அதன் குரல் எட்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். அது நின்றால் பாட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு டீசல் வேண்டும். கோபுரத்திலிருந்து செல்லும் கண்ணாடி இழை அறுபடாமல் இருக்க வேண்டும். அத்தோடு எல்லாரும் ஒரே நேரத்தில் பேச முயன்றால் வழி அடைத்துக்கொள்ளும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் செல்போன்கள் ஊமையானதை நாம் கண்டோம்.

ஹாம் நிலையத்துக்கு வேண்டியவை மூன்று: ஒரு கம்பி, ஒரு கார் பாட்டரி, பயின்ற ஒரு மனிதர். இடையில் அறுபடுவதற்கு ஒன்றுமில்லை.

நம் பாலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு அது. 1903 நவம்பரில் மைசூர்ப் பகுதியில் பேத்தமங்கலம் ஏரி உடைந்து, அந்த வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியது. இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறக்குறைய 50 கிலோ மீட்டர். வெள்ளம் நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வந்தாலும் நாலரை மணி நேரத்துக்குக் குறையாது. வானொலி அலையோ அதே தூரத்தை ஒரு நொடியில் ஆறாயிரத்தில் ஒரு பங்கில் கடந்துவிடும். அந்த நாலரை மணி நேரத்தில் ஒரு தெருவையே மேட்டுக்கு ஏற்றிவிடலாம் அல்லவா? 2021 நவம்பரிலும் பாலாறு கரைபுரண்டதை வேலூர், ஆம்பூர் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

சங்கத்தில் என்ன செய்வார்கள்?

ஆபத்து நாளில் மட்டும் கருவியைத் தூசி தட்டி எடுத்தால் அது பேசாது. பேசவேண்டியவருக்கும் நாக்கு எழாது. ஆகவேதான் ஹாம் சங்கங்கள் பயிற்சியை விளையாட்டாக்கி வைத்திருக்கின்றன.

காலையில் 7 மெகா ஹெர்ட்ஸில் ஒருவர் தலைமை தாங்க, மற்றவர்கள் வரிசையாக வருகை சொல்லும் 'நெட்' நடக்கும். தமிழிலும் உரையாடல்கள் கேட்கும். 'நரி வேட்டை' என்று ஒரு விளையாட்டு உண்டு. சிறு பரப்பி ஒன்றை எங்காவது மறைத்து வைப்பார்கள். வளைய ஏரியலைத் திருப்பித் திருப்பிக் குரல் மங்கும் திசையை அறிந்து அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். மலை உச்சிக்குக் கருவியைத் தூக்கிச் சென்று பாட்டரியில் இயக்குவதும் உண்டு. சமவெளியைவிட 700 மீட்டர் உயர்ந்த ஒரு மலையிலிருந்து, குறுக்கே வேறு மலை இல்லையென்றால், 145 மெகா ஹெர்ட்ஸ் அலை 100 கிலோ மீட்டருக்கு மேல் செல்லும். ஏலகிரியைக் காணும்போதெல்லாம் எங்களுக்கு இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

2013 ஜூலையில் நம் நாட்டில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. ஆனால் தந்தியின் மோர்ஸ் மொழி ஹாம்களிடம் இன்றும் உயிரோடு இருக்கிறது. பேச்சு கேளாத இரைச்சலிலும் அந்தக் 'கட்டு, கட' ஒலி கேட்கும்.

ஹாம்கள் வானத்தையும் விடவில்லை. 2005 மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'ஹாம்சாட்' என்ற 42.5 கிலோ எடையுள்ள செயற்கைக்கோளை இந்தியா ஏவியது. அது 2014 வரை உலக ஹாம்களுக்கு இலவசமாக உழைத்தது. 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து நம் மாணவர்களோடு ஹாம் வானொலி வழியாகப் பேசினார்.

நீங்களும் சேரலாம்

பன்னிரண்டு வயது நிறைந்தவர்கள் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் தேர்வை எழுதலாம். அடிப்படை மின்னணுவியலும் ஹாம் விதிகளும் பாடம். மேல்நிலை உரிமத்துக்கு மட்டும் மோர்ஸ் வேண்டும். பள்ளியில் ஓம் விதி படித்தவருக்கு இது மலையன்று. ஆனால் ஒன்று: உரிமம் இல்லாமல் பரப்பியை இயக்குவது குற்றம். முதலில் கேட்கப் பழகுங்கள். சாதாரணச் சிற்றலைப் பெட்டியில் ஹாம்களின் பேச்சு வாத்து கத்துவதுபோல் கேட்டால் பெட்டியைத் தட்டாதீர்கள்! மின்திறனை மிச்சப்படுத்த அவர்கள் சுமக்கும் அலையை விட்டுவிட்டு ஒரு பக்கப் பட்டையை மட்டும் அனுப்புகிறார்கள். விடுபட்ட அலையை ஏற்பி தானே சேர்த்துக்கொண்டால்தான் பேச்சு விளங்கும்.

எங்கள் கூட்டத்தில் தோல் தொழிற்சாலைத் தொழிலாளியின் மகன் ஒருவரும் இருக்கிறார். தேர்வுக்குப் படித்து வருகிறார். ஆற்றங்கரை ஓரம் அவர் வீடு. "சார், கம்பியை எங்கள் வீட்டு மாடியிலும் கட்டலாமா?" என்று கேட்டார். கட்டத்தான் வேண்டும். அடுத்த வெள்ளத்துக்குள் பாலாற்றின் கரையில் ஊருக்கு ஒருவராவது அப்படி இருந்தால், கடைக்காரரின் கேள்விக்கு நான் விடை சொல்லிவிட்டேன் என்று கொள்வேன்.